வெட்ட வேண்டியது எந்தப் பாதி?

கேள்வி: அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் ஊர் ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்துக்கு (ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்பிஎஸ்) அறிவிப்புகளும் படிவங்களும் எழுதிக் கொடுத்து வருகிறேன். பின்கோடு நம்பர், ஏடிஎம் மெஷின், ஐஎஃப்எஸ்சி கோடு நம்பர், பிஎன்ஆர் நம்பர், ஜிஎஸ்டி வரி, நீட் தேர்வு, ஆர்பிஎஸ் சங்கம், ரூ.100 ரூபாய், காலை 10 ஏ.எம். மணி என்று எங்கு பார்த்தாலும் ஒரே பொருளை இரண்டு முறை எழுதுகிறார்கள். சுருக்கத்தின் கடைசி எழுத்து எதைக் குறிக்கிறது என்றே தெரியாமல் அதே சொல்லை மறுபடியும் ஒட்டுகிறார்கள். வாசிக்கும்போதே எரிச்சல் வருகிறது. சங்கத்தின் படிவத்தில் இருந்த ‘பின்கோடு நம்பர்’ என்பதை நான் ‘பின்’ என்று திருத்தினேன். நிரப்பித் தந்தவர்களில் சிலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். வயதான ஓர் அம்மா நான்கு இலக்கம் மட்டும் எழுதியிருக்கிறார். தலைவர் பழையபடியே அச்சடிக்கச் சொல்லுகிறார். வீட்டில் மருமகள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளையும் திருத்தினேன். “பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி இருக்கு மாமா” என்று சொன்னவள், எனக்கு எழுதுவதையே குறைத்துவிட்டாள். நான் சொல்வது தவறா? இந்த எரிச்சலை என்ன செய்வது?

— ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், குலசேகரம்

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கேள்விக்குள் போவதற்கு முன்னால் அந்த நான்கு இலக்கத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு ஆறு இலக்கம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அம்மா எழுதியிருப்பது பெரும்பாலும் அவருடைய ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள அதே தாளில், பலர் கை படுகிற ஒரு கோப்பில் அது இப்போது இருக்கிறது. இன்றைக்கே அந்த இலக்கங்களை எவரும் வாசிக்க முடியாதபடி அடித்துவிட்டு, அவரை நேரில் பார்த்து, நம்பிக்கையான ஒருவரோடு வங்கிக்குப் போய் எண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மொழி பற்றிய மற்றதெல்லாம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அவர் செய்ததில் அறியாமை ஒன்றும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பின்’ என்ற சொல்லை அவர் அண்மையில் கேட்ட இடம் வங்கியாகத்தான் இருந்திருக்கும். அங்கே அந்தச் சொல்லுக்கு நான்கு இலக்கம்தான். கட்டத்தை வெறுமையாக விட்டவர்களும் கவனக்குறைவால் விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. தமிழில் பின் என்றால் பிறகு. பின் என்றால் பின்பக்கம். தாளைக் கோக்கும் குண்டூசிக்கும் கடையில் அதே பெயர்தான். ‘பின்:’ என்று மட்டும் அச்சிட்ட ஒரு கட்டத்தைப் பார்த்தவர், இதைப் பிறகு நிரப்ப வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணி அடுத்த வரிக்குப் போயிருந்தால், அவர் தமிழைச் சரியாகவே வாசித்திருக்கிறார். நீங்கள் மிகை என்று நீக்கிய ‘கோடு’ம் ‘நம்பர்’உம்தான் அதுவரை அந்தக் கட்டத்துக்குப் பொருள் கொடுத்துக்கொண்டிருந்தன.

நாகர்கோவிலில் 26 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தியும் படிவங்களும் துண்டறிக்கைகளும் எழுதிக் கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில், உங்கள் எரிச்சலை நான் நன்றாகவே அறிவேன். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் இது உண்டு. மிகையான சுருக்கெழுத்து நோய்க்குறி என்ற பொருள்பட, அவர்கள் இதற்கு ‘ஆர்ஏஎஸ் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதன் கடைசி எஸ் சிண்ட்ரோம் என்பதையே குறிப்பதால், எந்தப் பிழையைச் சுட்டுகிறதோ அதே பிழையை அந்தப் பெயரும் வேண்டுமென்றே செய்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் இந்தக் குறையைச் சுட்டுகிறவர்களுக்கு இருக்கும் ஒரு வசதி நமக்கு இல்லை. அங்கே சுருக்கங்கள் பெரிய எழுத்தில் வருகின்றன. வாக்கியத்தின் நடுவே மூன்று பெரிய எழுத்துகளைக் கண்டவுடன், இது சாதாரணச் சொல் இல்லை, எதையோ சுருக்கியது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. அதனால் பின், நெட், செட், டெட், கேட், பான் ஆகியவையெல்லாம் தமிழ் எழுத்தில் வந்தவுடன் மற்றச் சொற்களோடு சொற்களாகக் கலந்துவிடுகின்றன. “என் மகள் நெட் எழுதியிருக்கிறாள்” என்ற வரியை இரண்டு முறை வாசித்தால்தான் புரியும். “நெட் தேர்வு எழுதியிருக்கிறாள்” என்றால் உடனே புரிந்துவிடும். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லும் சுருக்கங்களுக்கு வேறொரு இடர் உண்டு. ஆங்கிலத்தில் வெவ்வேறாக ஒலிக்கும் எழுத்துகள் இங்கே ஒரே எழுத்தில் வந்து விழுகின்றன. ரத்த அழுத்தத்தைக் குறிக்க நாம் எழுதும் பிபி என்பதில் முதல் பி வேறு, இரண்டாவது பி வேறு. எழுத்தைப் பார்த்தால் தெரியாது. டிடி என்றால் வங்கி வரைவோலை, தூர்தர்ஷன் என்று இரண்டுக்கும் பொருந்தும். ஆகவே ‘டிடி டிராஃப்ட்’ என்று ஒருவர் சொல்லும்போது, டி எதைக் குறிக்கிறது என்று தெரியாததால் சொல்லுகிறார் என்பதோடு, கேட்கிறவருக்கு ஐயம் வரக்கூடாது என்ற அக்கறையாலும் சொல்லுகிறார் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் ஓர் அச்சகத்தில், சமையல் எரிவாயுப் பாதுகாப்பு பற்றிய துண்டறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்தது. ‘எல்பிஜி கேஸ் கசிந்தால்’ என்று தொடங்கி ஏழெட்டு வரிகள். எல்பிஜியில் உள்ள ஜி என்பதே கேஸ்தானே என்ற பெருமிதத்தோடு, வந்த இடமெல்லாம் ‘கேஸ்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்தேன். ‘எல்பிஜி கசிந்தால் ஜன்னல்களைத் திறக்கவும், மின்சுவிட்சுகளைப் போடவோ அணைக்கவோ வேண்டாம், எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும்’ என்று மிகச் சுத்தமான வாக்கியங்களாக அச்சாகி வந்தன. ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போய் எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து முழுவதையும் வாசித்துவிட்டு, “எல்லாம் சரிதான் மக்களே, இந்த எல்பிஜி எங்க இருக்கும், கரண்ட் பெட்டியிலயா?” என்று கேட்டார். அவருடைய முழங்கையிலிருந்து ஒரு முழ தூரத்தில் சிவப்பு நிற சிலிண்டர் நின்றுகொண்டிருந்தது. சுவிட்சைத் தொடாதே என்ற வரியை வைத்துக்கொண்டு அவர் ஏதோ மின்சாரச் சாதனம் என்று நினைத்துவிட்டார். அவர் தினமும் சொல்லும் சொல் கேஸ். நான் அடித்ததும் அந்த ஒரு சொல்லைத்தான். அவர் ஒருபோதும் சொல்லாத எல்பிஜியை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுவே. இரட்டிப்பு இருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. வெட்ட வேண்டும் என்று நினைத்ததும் பெரும்பாலும் சரி. எந்தப் பாதியை வெட்டினீர்கள் என்பதில்தான் எனக்கு மாறுபாடு இருக்கிறது. ‘ஜிஎஸ்டி வரி’ என்பதில் வரி தமிழ். ‘நீட் தேர்வு’ என்பதில் தேர்வு தமிழ். ‘ஆர்பிஎஸ் சங்கம்’ என்பதில் சங்கம் தமிழ். சுருக்கத்தை வைத்துக்கொண்டு பின்னால் வரும் சொல்லை நீக்கும்போது, வாசிக்கிறவருக்குத் தெரிந்த பாதியை நீக்கிவிட்டு, தெரியாத பாதியை அவர் கையில் கொடுக்கிறோம். முதலில் சந்தேகப்பட வேண்டியது சுருக்கத்தைத்தான்: இது இங்கே வேண்டுமா, இதற்கு நாம் தினமும் சொல்லும் ஒரு சொல் இல்லையா என்று கேட்டுப் பாருங்கள். சொல் இருந்தால் சுருக்கத்தை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், சுருக்கம் இருந்தே ஆக வேண்டுமென்றால், அதன் அருகில் அந்தக் ‘கூடுதல்’ சொல் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

பின்கோட்டையே எடுத்துக்கொள்வோம், உங்களுக்கு வலிக்கும் இடம் அதுதான் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்த முறை நடப்புக்கு வந்தபோது அதை வகுத்துக் கொடுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சமஸ்கிருதத்தில் கவிதை எழுதிய ஒரு மொழி அறிஞர். ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல், முகவரி எழுதும் மொழிகளோ பலப்பல என்ற குழப்பத்தைத் தீர்க்கவே ஆறு இலக்கங்கள் வந்தன. தமிழ்நாட்டில் புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர்கள் உண்டு என்பதை, தபால் பிரித்த கைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் மூன்று இலக்கம் 629 என்று கண்டவுடன், மற்ற எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் அந்தக் கடிதம் நம் குமரி மாவட்டத்துக்கு வந்துவிடும். பின் என்ற சுருக்கத்திலேயே எண் என்ற சொல் அடங்கியிருக்கிறது. அதற்குமேல் கோடு, அதற்கும் மேல் நம்பர் என்று மூன்று அடுக்கு சேர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் இதைத் திருத்த ‘பின்’ என்று குறுக்க வேண்டியதில்லை. ‘அஞ்சல் எண்’ என்று எழுதலாமே. இந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளும்படி தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்தாரிடமும் வாதாட வேண்டியிருந்தாலும் நம்மிடம் வேண்டியதில்லை. நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் சமஸ்தானத்தின் தபாலுக்கு அஞ்சல் என்றுதானே பெயர்? 1951இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்பட்ட பிறகும் பெரியவர்கள் வாயில் அஞ்சல் என்ற சொல் நின்றிருக்கிறது. 34 ஆண்டுகள் அந்தத் துறையில் இருந்த நீங்கள், பின்னில் ஒட்டிய நம்பருக்காகச் செலவழிக்கும் கோபத்தை, அஞ்சல் என்ற சொல்லைப் படிவத்தில் உட்கார வைப்பதற்குச் செலவழித்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

உங்கள் பட்டியலில் உள்ள மற்றவை எல்லாம் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை இல்லை. பிஎன்ஆர் நம்பர் என்பதில் பிழையே கிடையாது. அதில் உள்ள என் என்ற எழுத்து நம்பரைக் குறிக்கவில்லை, பெயரைக் குறிக்கிறது. பயணியின் பெயர்ப் பதிவு என்பதே அதன் விரிவு. ரயில்வே சீட்டில் அந்தப் பதிவுக்குப் பத்து இலக்க எண் ஒன்று இருக்கிறது, ஆகவே பிஎன்ஆர் எண் என்பது சரியான தொடர். நாம் இப்படித் திருத்தப் புகும்போது, கடைசி எழுத்து எதற்கு வருகிறது என்று நாமும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லுகிறேன். சிம் கார்டு, சிசிடிவி கேமரா ஆகியவற்றையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பதுண்டு. அவற்றிலும் இரட்டிப்பு இல்லை. விஏஓ ஆபீஸ் என்பதும் சரிதான், ஏனென்றால் அந்த ஓ அலுவலரைக் குறிக்கிறது, அலுவலகத்தை இல்லை. ‘விஏஓ அதிகாரி’ என்று எழுதினால்தான் மிகை.

ஐஎஃப்எஸ்சி கோடு நம்பர் என்பதில் உங்கள் பக்கமே நிற்கிறேன், உங்களைவிடக் கடுமையாகவும் நிற்கிறேன். அங்கே ‘நம்பர்’ என்பது மிகை மட்டுமில்லை, தவறும்கூட. பதினோரு இடங்களில் முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். மீதி ஆறு கிளையைக் குறிப்பவை. அந்த ஐந்தாவது பூஜ்யத்தை ஓ என்ற ஆங்கில எழுத்து என்று நினைத்து எழுதிவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். எழுத்தும் எண்ணும் கலந்தது என்பதைச் சொல்ல ‘குறியீடு’ என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது நம்பர் என்று எழுதி அவர்களை ஏன் குழப்ப வேண்டும்? பான் என்பதில் நிலைமை வேடிக்கையாக இருக்கிறது. அதன் கடைசி எழுத்து எண்ணைத்தான் குறிக்கிறது, ஆனால் பத்து இடங்களில் முதல் ஐந்தும் கடைசி ஒன்றும் எழுத்துகள், நடுவே உள்ள நான்கு மட்டுமே இலக்கங்கள். பெயர் வைத்தவர்களே எண் என்று வைத்துவிட்டதால், நாம் ‘பான் அட்டையில் உள்ள எண்’ என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ரூ.100 ரூபாய், காலை 10 ஏ.எம். மணி ஆகிய இரண்டையும் தயக்கமின்றி வெட்டுங்கள். ரூ. என்பது எவருக்கும் புரியும், ரூபாய் என்பதும் புரியும், ஒன்று போதும். கல்யாண அழைப்பிதழில் ‘காலை மணி 10.30 ஏ.எம்.’ என்று வருவதை நான் இன்றைக்கும் அடிக்கிறேன், வீட்டார் மறுத்துச் சொன்னதில்லை. பத்திரத்திலும் காசோலையிலும் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது வேறு. அங்கே ஒரு பூஜ்யத்தைக் கூட்டிவிட முடியாதபடி காவலுக்காகத் திரும்பச் சொல்லுகிறோம், அதைத் தொட வேண்டாம். ஏடிஎம் மெஷினைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. ஏடிஎம் என்பதே போதும் என்று மக்களே ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்கள்.

சுருக்கம் காலப்போக்கில் இறுகிப் பெயராகிவிடுவதும் உண்டு. மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் நிறுவனம் 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் லிமிடெட் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது அதன் பதிவுப் பெயர் ஐஆர்இஎல் (இந்தியா) லிமிடெட். முழுவதும் விரித்தால் இந்தியாவும் இரண்டு முறை வரும், லிமிடெட்டும் இரண்டு முறை வரும். ஆனால் ஐஆர்இஎல் என்பது பெயராகிவிட்ட பிறகு, அதற்குள்ளே பழைய சொற்கள் உயிரோடு இருக்கின்றன என்று வைத்து வழக்காட முடியாது.

இரட்டிப்பு ஆங்கிலச் சுருக்கங்கள் கொண்டுவந்த நோய் என்று நினைப்பதற்கும் இடமில்லை. குழந்தையின் இடுப்பில் கட்டுவது அரைஞாண். ஞாண் என்றாலே கயிறுதான். ஆனாலும் நாம் அனைவரும் அரைஞாண் கயிறு என்றே சொல்லுகிறோம், ஏனென்றால் ஞாண் என்ற சொல் தனியே வழக்கில் அருகிவிட்டது. பொருள் மங்கிய சொல்லுக்குப் பக்கத்தில் பொருள் துலங்கும் சொல்லை மக்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஏடிஎம்முக்குப் பின்னால் மெஷின் வந்து நின்றதும் இதே வழியில்தான். நன்னூலில் பவணந்தியார் ‘ஒருபொருட் பன்மொழி சிறப்பினின் வழாஅ’ என்று இதற்கு இடமே கொடுத்திருக்கிறார். மீமிசை ஞாயிறு என்பதில் மீயும் மிசையும் மேல் என்ற ஒரே பொருளைத் தருபவை. உயர்ந்தோங்கு மலை என்பதும் அப்படியே. ஆனால் அவர் ‘சிறப்பினின்’ என்று ஒரு வரம்பு வைத்தார் என்பதை மறந்துவிடக்கூடாது. பொருளுக்குச் சிறப்பு சேர்ந்தால் வழு இல்லை; எதுவும் சேராமல் வாய்ப்பழக்கத்தால் வந்தால் அதற்கு இந்த நூற்பா அடைக்கலம் தராது. ரூ.100 ரூபாய்க்கு மீமிசை ஞாயிற்றைச் சாட்சிக்கு அழைக்க எனக்கு மனம் வராது. நான் பயன்படுத்தும் அளவுகோலும் ஏறத்தாழ அதுதான்: அந்த இரண்டாவது சொல் இல்லாவிட்டால் வாசிக்கிறவர் எதையாவது இழக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறேன்.

உங்கள் சங்கத்தின் தொழிலிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆர்எஸ்எஸ் ஷீட் என்று நீங்கள் எல்லோரும் சொல்லுகிறீர்கள். நீங்களும் சொல்லுவீர்கள் என்றே நினைக்கிறேன், உங்கள் பட்டியலில் அது இல்லை. வரியிட்டுப் புகையூட்டிய ஷீட் என்பதன் சுருக்கம் அது. கடைசி எஸ் ஷீட்டேதான். இருந்தும் ‘ஆர்எஸ்எஸ் விலை குறைந்தது’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் வழிப்போக்கர் ஒருவர் என்ன என்று எண்ணுவார்? அதே மூன்றெழுத்தில் நாடறிந்த ஓர் அமைப்பும் இருக்கிறது. அதனால் ஷீட் என்ற சொல் அங்கே தன் வேலையைச் செய்கிறது. உலர்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே குமிழி இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிக்கும் வியாபாரி, ‘ஃபோர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். நான்காம் தரம் என்பது எதிரே நிற்பவருக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்கு நடுவே சுருக்கத்தையும் சுருக்கலாம். பலகையும் படிவமும் தெரியாதவர்களுக்காகவும் எழுதப்படுகின்றன. ரப்பர் பால் விற்கும் இடத்தில் ‘டிஆர்சி கன்டென்ட்’ என்று எழுதியிருப்பதை மட்டும், வாய்ப்பு கிடைத்தால், ‘உலர் ரப்பர் அளவு’ என்று மாற்றச் சொல்லுங்கள். தன் பாலுக்கு ஏன் இந்த விலை என்று கேட்க வேண்டியவர் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டால்தான் கேட்க முடியும்.

இனி உங்கள் படிவம். தலைவர் பழையபடி அச்சடிக்கச் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது, நீங்கள் திருத்த நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றை எழுதி அவர் முன்னே வைத்துப் பாருங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

‘நமது ரப்பர் உற்பத்தியாளர் சங்க உறுப்பினர்கள் தங்கள் பெயர், முகவரி, ஊரின் அஞ்சல் எண் (629 என்று தொடங்கும் ஆறு இலக்கம்), வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எழுதித் தரவும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் ஐஎஃப்எஸ்சி என்று குறித்திருக்கும் பதினோரு இடக் குறியீட்டையும் பார்த்து எழுதவும். அதில் ஐந்தாவதாக வருவது பூஜ்யம். ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணை இந்தப் படிவத்தில் எழுத வேண்டாம். சங்கத்தின் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். ஆண்டுச் சந்தா ரூ.100. படிவத்தைக் காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை அலுவலகத்தில் தரலாம்.’

இதில் எந்தச் சுருக்கமும் இரண்டு இடங்களில் தங்கவில்லை. தங்கிய ஐஎஃப்எஸ்சியும் பாஸ்புக்கில் அதே எழுத்துகளில் அச்சாகியிருப்பதால், கண்டுபிடிக்க உதவும் என்பதற்காகவே தங்கியிருக்கிறது. பழைய படிவத்தைவிட இது நீளம் என்று தலைவர் சொல்லலாம். ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் நீளத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். தவறாக நிரப்பிய படிவங்களுக்காக ஒவ்வொரு வீடாக மறுபடி ஏறி இறங்குவதைவிட இரண்டு வரி கூடுதலாக அச்சடிப்பது எளிது.

மருமகள் விஷயத்தில் நான் தயங்காமல் சொல்லுவது, அவர் அனுப்புவதைத் திருத்துவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்பதுதான். வாட்ஸ்அப்பில் வீட்டார் எழுதிக்கொள்வது எழுத்தில் நடக்கும் பேச்சு. “பேத்திக்கு நீட் எக்ஸாம் ஹால் டிக்கெட் வந்துட்டு மாமா” என்று அவர் அனுப்பினால், அந்த வரியில் உங்களுக்கு உரிய செய்தி பேத்தியைப் பற்றியது. அதற்கு, தேர்வு எந்த ஊரில், போய்வர வண்டி ஏற்பாடு ஆகிவிட்டதா என்று கேட்பதே பதில். மெய்ப்புத் திருத்துகிறவர்களான நாங்கள் முதலில் பழகிக்கொள்வது ஒன்று உண்டு: திருத்தச் சொல்லி மேசைக்கு வந்த தாளை மட்டுமே திருத்துவது. நான் கடைத்தெருவில் நடக்கும்போது பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதில்லை. முதல் சில ஆண்டுகள் கை பரபரத்தது உண்மை. ஆனால் அந்தப் பரபரப்பு, மேசையில் இருக்கும் தாள்மீது இரட்டிப்புக் கவனமாக மாறிவிட்டது. உங்களுக்குச் சங்கத்தின் படிவம் இருக்கிறது, அறிவிப்புப் பலகை இருக்கிறது. கவனம் முழுவதையும் அங்கே கொட்டுங்கள். மருமகளிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், “இனிமே திருத்த மாட்டேன் மக்களே, நீ எழுது” என்று. எழுத்தில் அனுப்ப வேண்டாம்.

புதிய படிவத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், நான்கு இலக்கம் எழுதிய அந்த அம்மாவிடமே ஒரு தாளைக் கொண்டுபோய், சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தச் சொல்லில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொண்டு வாருங்கள். வேண்டுமென்றால் அந்தத் தாளை எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
உங்கள் மொழித் திருத்துநர்